லட்சம் தாண்டிய கார்: இன்ஜினுக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

ஓடோமீட்டரில் ஒன்றரை லட்சம் கி.மீ. வந்ததும் "இன்ஜின் போய்விடுமா?" என்றுதான் பெங்களூர் வாசகர்கள் எல்லாரும் கேட்கிறீர்கள். ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் போகாது. சுற்றியிருக்கிற பெல்ட், ஹோஸ், கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கிற திரவம்), சீல் இதெல்லாம்தான் முதலில் போகும், கவனிக்காமல் விட்டால் இன்ஜினையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கையில் இருக்கிற பணத்தை அங்கே முதலில் போடுங்கள்.

ஐ10, 1.1 பெட்ரோல், 1,40,000 கி.மீ. டைமிங் பெல்ட் மாற்றியதே இல்லை. சத்தம் எதுவும் இல்லை, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா? (ஹலசூரு)

வேண்டாம், இந்த வாரமே மாற்றுங்கள். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் சத்தம் போட்டு எச்சரித்துவிட்டு அறுவதில்லை. அறுந்தால் வால்வு வளைந்து, ஹெட்டை (இன்ஜினின் மேல்பகுதி) கழற்றும் அளவுக்குச் செலவு வரும். பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் மாற்றுங்கள், அந்த இடத்தைப் பிரிக்கிறபோதே கேம், கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான். 1.2 கப்பா இன்ஜின் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், அதில் இருப்பது செயின்.

2009 சான்ட்ரோ. சில்க் போர்டு நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஹோசூர் ரோட்டில் வேகமெடுத்தால் இறங்கிவிடுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற வால்வு) கழற்றிப் போட்டார், அப்படியும் சரியாகவில்லை. (பொம்மனஹள்ளி)

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும், நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. அதனால் முதலில் ஃபேன், ரிலே, ஃபியூஸ், சென்சார். ஏசி போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள், ஃபேன் சுற்ற வேண்டும். சோம்பலாகச் சுற்றினால் மோட்டாரில் கார்பன் தேய்ந்திருக்கும். அப்புறம் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள், பல வருடத்துத் தூசியும் பூச்சியும் கம்பளி மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். வேகத்தில் போகும்போதும் முள் ஏறினால் மட்டுமே ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, வாட்டர் பம்ப் என்று போக வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள், தயவுசெய்து. அது இல்லாமல் இன்ஜின் சூடேற நேரமெடுக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம்.

இன்னொன்று, கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம். இந்த ஊரில் பல வீடுகளில் போர்வெல் தண்ணீர், கீசரில் படிகிற அதே சுண்ணாம்பு ரேடியேட்டரிலும் படியும். ரெடிமிக்ஸ் கூலன்ட் வாங்குங்கள், அல்லது கெட்டியான கூலன்ட்டை டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் "அடுத்த சிக்னல் வரைக்கும்" என்று ஓட்டாதீர்கள், ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்கள். அலுமினிய ஹெட் வளைய அந்த இரண்டு நிமிடம் போதும்.

வேகன் ஆர், 1,90,000 கி.மீ. ஆயில் குறைகிறது. ஓவர்ஹால் (இன்ஜினை முழுக்கப் பிரித்துச் சரிசெய்வது) பண்ணியே ஆக வேண்டும் என்கிறார்கள். (ஒயிட்ஃபீல்ட்)

யார் சொன்னாலும் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளப்பது) பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் மேல் சந்தேகம், அது சின்ன வேலை. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். டெஸ்டில் கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு பக்கம். புகையே இல்லையென்றால் வெளியே எங்காவது கசியலாம், டாப் கவர் பேக்கிங்கிலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள்.

அதுவரை வாரம் ஒரு தடவை சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். சர்வீஸ் புத்தகத்தில் 10,000 கி.மீ. என்றிருந்தாலும் 7,000-லேயே ஆயில் மாற்றுவது நல்லது. மாரத்தஹள்ளி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றபடியே இன்ஜின் ஓடியது ஓடோமீட்டருக்குத் தெரியாது.

பொங்கலுக்குச் சேலம் போகிறோம், பழைய இண்டிகா. பிரேக் பேட் புதுசு, வேறென்ன பார்க்க வேண்டும்? (கே.ஆர். புரம்)

பிரேக் ஃப்ளூயிட். எல்லாரும் பேடை மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஈரம் சேர்ந்த ஃப்ளூயிட் தொப்பூர் கணவாய் மாதிரி நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் அப்படியே தரையைத் தொடும். இறக்கத்தில் கியரைக் குறைத்து வேகத்தை இன்ஜினே பிடிக்க விடுங்கள், நியூட்ரலில் உருட்டாதீர்கள். டயர் ஓரத்தில் இருக்கிற நாலு இலக்கத்தையும் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். பட்டன் (ரப்பர் வரிகள்) நன்றாக இருந்தாலும் பழைய டயரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

காருக்குப் பதினைந்து வருடம் முடியப்போகிறது. செலவு பண்ணலாமா, தள்ளிவிடலாமா? (அல்சூர் கேட்)

லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் சாமான் கிடைக்கும், துருப்பிடித்த பாடிக்குக் கிடைக்காது. கடற்கரை ஊர் காரை விட பெங்களூரிலேயே ஓடிய கார் இதில் கொடுத்துவைத்தது. அடி சுத்தமாக இருந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்து ஓட்டுங்கள், புது கார் இ.எம்.ஐ.யோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை. ஷாக் அப்சார்பர் பிடித்திருக்கிற இடம், கதவுக்குக் கீழ் ஓரம் இங்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் தகடு உதிர்கிறதா, அதற்குமேல் அந்தக் காருக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள்.