வாழையில வேர், கிழங்கு நோய் வந்து மரம் சாயுது, மருந்து அதிகம் ஊத்தாம கட்டுப்படுத்த முடியுமா?

மருந்துக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி கடப்பாரைய எடுத்து சீக்கு மரம் ஒன்ன தோண்டிப் பாருங்க. நம்மாளுங்க எல்லாத்தையும் வேரழுகல்னு ஒரே பேர்ல சொல்லிடறோம், உள்ள இருக்கிறது வேற வேற. அடி இலை ஓரத்துல இருந்து மஞ்சளாகி மட்டையோட மடிஞ்சு தண்டைச் சுத்தித் தொங்குது, அடித்தண்டு நெட்டுக்கு வெடிச்சிருக்கு, கிழங்க வெட்டினா செம்பழுப்பு கோடா ஓடுதுன்னா அது பனாமா வாடல்ங்கிற பூசண நோய். லேசா தள்ளினாலே மரம் கழுத்தோட முறிஞ்சு கிழங்கு மட்டும் மண்ணுல நின்னு நாறுச்சுன்னா பாக்டீரியா அழுகல், ஜி9ங்கிற (கிராண்ட் நைன்) வாழை ரகத்தோட திசு வளர்ப்புக் கன்னுல இது ஜாஸ்தி. வேரோடயே சாயுது, வேரப் பொளந்தா கருஞ்செவப்பா இருக்குன்னா வேரத் தாக்குற நூற்புழு.

இதுல பனாமா தான் வில்லங்கம். அந்த பூசண வித்து மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா உயிரோட கெடக்கும், ஊத்துற மருந்து அத அழிக்காது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. ரஸ்தாளியில வந்துட்டா மறுதாம்பு (பக்கக்கன்ன வச்சு அடுத்த பயிர்) விடாதீங்க, சீக்கு மரத்த கிழங்கோட தோண்டி அங்கயே எரிச்சு குழிக்கு ஒன்னு ரெண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்க, அந்தத் தோட்டத்துத் தண்ணி அடுத்த வயலுக்குப் பாயக்கூடாது, வெட்டின அருவாளையும் கழுவணும். தண்ணி வசதி இருந்தா நெல்லு போட்டு எடுத்துட்டு அடுத்து பூவனுக்கு மாறிடுங்க, அது நல்லா தாங்குது. ஜி9க்கு பனாமா வராதுன்னு ஒரு பேச்சு இருக்கு, நம்பாதீங்க, 2015ல பீகார் கதிஹார் பக்கம் தெரிஞ்ச டிஆர்4ங்கிற பனாமா பூசண வகை ஜி9ஐயே சாய்க்குது, அதனால எங்க இருந்து வருதுன்னு தெரியாத வெளிமாநில வாழைக் கிழங்க உள்ள விடவே விடாதீங்க.

மத்ததெல்லாம் நடும்போதே பாதி முடிஞ்சிரும். நோயில்லாத தோட்டத்து ஈட்டி இலைக் கன்னா எடுத்து வேரையும் கருத்த இடத்தையும் சீவிட்டு நடுங்க, குழியில தொழு உரம், கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு, சூடோமோனாஸ்ங்கிற நன்மை செய்யற பாக்டீரியா போடுங்க. ஊடுபயிரா செண்டுமல்லி இல்ல சணப்பு போட்டா நூற்புழு குறையும், செண்டுமல்லி பூ வித்த காசு தனி. அழுகலுக்கு வடிகால் தான் முக்கியம், கன்னு சின்னதா இருக்கும்போது தண்ணி தேங்கவே கூடாது.

நோய்ப் பூசணத்த அடக்குற டிரைக்கோடெர்மா வாங்கினா பாக்கெட்ல தேதி பாருங்க, பழசுன்னா வெறும் பவுடர்தான். அத போட்ட கையோட பூசணக்கொல்லியும் ஊத்திடாதீங்க, டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணந்தான், செத்துப்போயிரும்.