ஒரு காதில் மட்டும் ஏன்?

கேள்வி: நானும் மனைவியும் கிண்டியில் வேலை பார்க்கிறோம். எங்கள் இரண்டு வயதுப் பையனைப் பார்த்துக்கொள்வது என் நைனாதான். வயது 72. அந்தக் காலப் பாட்டு நடிகர்கள் பாகவதர், பி.யு.சின்னப்பா என்றால் அவருக்கு உயிர். தாத்தா கேட்ட பாட்டுகளாம். பையனின் பிறந்தநாளுக்கு மாமனார் வீட்டார் வந்திருந்தபோது, நைனாவைப் போலவே கண்ணை மூடி இழுத்து இழுத்துப் பாடிக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதியம் பையனைத் தூங்கவைத்துவிட்டு ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதையும் நடித்துக் காட்டினேன். தமாஷுக்குத்தான். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பழைய பாட்டுகளைப் போட்டு வைத்திருக்கும் காரவான் ரேடியோ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுவாரா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: காரவானை விடுங்கள். அந்த ஒரு காது விஷயத்துக்கு வாருங்கள்.

ஏன் ஒரு காதில் மட்டும் மாட்டுகிறார் என்று என்றைக்காவது யோசித்தீர்களா? பழைய ஆள், மாட்டத் தெரியவில்லை என்றுதானே நினைத்தீர்கள்? உள்ளே உங்கள் பிள்ளை தூங்குகிறான், தம்பி. அவன் சிணுங்கினால் கேட்க வேண்டும். கதவை யாராவது தட்டினால் கேட்க வேண்டும். அதற்குத்தான் இன்னொரு காது. காலையில் நீங்கள் இருவரும் மெட்ரோ பிடித்து நிம்மதியாக வேலைக்குப் போய்வருவது அந்தக் காதை நம்பித்தான். அதையே நடித்துக் காட்டிக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறீர்கள்!

அதுவும் யார் முன்னால்? சம்பந்தி வீட்டார் முன்னால். வீட்டுக்குள் அப்பாவும் பிள்ளையும் ஆயிரம் கலாய்த்துக்கொள்ளலாம். வடசென்னையில் அது இல்லாத வீடு ஏது? ஆனால் பெண் கொடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் பெற்றவரை இறக்கிக் காட்டக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. என்னைப் பழைய பஞ்சாங்கம் என்றாலும் சரி.

அப்புறம் அந்த இழுவை. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்காரருக்கும் கேட்கும்படி உச்சத்தில் பாடிப் பழகிய தலைமுறை அது. பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படம் 1944இல் வந்து மூன்று தீபாவளி கண்டது எங்கோ இல்லை, உங்கள் பக்கத்து பிராட்வே தியேட்டரில்தான். உங்கள் தாத்தாவும் அங்கே டிக்கெட் வாங்கி உட்கார்ந்தாரா என்று நைனாவைக் கேட்டிருக்கிறீர்களா? பாடிக் காட்டத் தெரிந்தது, கேட்கத் தெரியவில்லை.

காரவான் இப்போது வேண்டாம். அவமானப்படுத்திவிட்டுப் பொருள் வாங்கிக் கொடுத்தால் அது லஞ்சம். வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பையனை நீங்கள் தூங்கவையுங்கள். அவன் எழுந்து அழுதால் நீங்களே பாருங்கள். நைனா இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்கட்டும், இல்லை, காசிமேட்டுப் பக்கம் காற்றாட நடந்துவிட்டு வரட்டும்.

தனியாகக் கூப்பிட்டு ‘ஸாரி நைனா’ என்று முணுமுணுப்பதெல்லாம் செல்லாது. சிரித்தவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். மாமனார் வீட்டாரை மறுபடியும் சாப்பிடக் கூப்பிடுங்கள். ‘அன்னிக்கு நான் பண்ணது தப்பு’ என்று, இலையில் சோறு விழுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.