மச்சான் டிவியும் மூன்றாவது எஸ்.எம்.பி.எஸ்ஸும்

கேள்வி: சார், பாலக்கோட்டில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் 2014-ல் அசெம்பிள் செய்தது, ஐ3. போன வாரம் எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது. நான்கு வருடத்தில் இது மூன்றாவது. ஒவ்வொன்றும் 650 ரூபாய், மாட்டிக் கொடுக்க 300. கரண்ட் அதிகம் வீணாகாது என்பதற்கான '80 பிளஸ் புரோன்ஸ்' முத்திரை போட்டது 2,700, 'கோல்டு' 6,000 என்கிறார்கள். கடைக்காரரோ, "பழசுக்குச் செலவு பண்ணாதீங்க, 42,000-க்குப் புதுசு எடுங்க, 12 மாசம் நோ காஸ்ட் இ.எம்.ஐ., கரண்ட் பில்லும் குறையும்" என்கிறார். "கார்டுல லிமிட் இருக்கே மாமா" என்கிறான் மச்சான். ஏற்கெனவே போனுக்கு 2,100 (இன்னும் இரண்டு தவணை), பிரிண்டருக்கு 1,850, மச்சானுக்காக என் கார்டில் எடுத்த டிவிக்கு 2,400. இரண்டு மாதமாக அவன் பணம் தரவில்லை. கடைச் செலவு போக எனக்கு 19,000 நிற்கும். தவணை தவறிவிடுமோ என்று தூக்கமே இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: கம்ப்யூட்டரை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம்.

உங்கள் கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். டைப்பிங்கும் பிரவுசரும் ஓடும்போது அதன் உள்பாகங்களுக்குச் சராசரியாக 60 வாட் போதும். மலிவு எஸ்.எம்.பி.எஸ்ஸின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால், அந்த 60 வாட்டைக் கொடுக்க அது சுவரிலிருந்து 86 வாட் இழுக்கும். மீதி எல்லாம் சூடு. 85 சதவீதத் திறன் உள்ள புரோன்ஸ் இழுப்பது 71 வாட். வித்தியாசம் 15 வாட். நாளைக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 4 யூனிட். கடை இணைப்பு, யூனிட் 10 ரூபாய் என்று தோராயமாகப் போடுங்கள்: மாதம் 40 ரூபாய் மிச்சம்.

கோல்டு வாங்கினால்? 90 சதவீதம் என்றே வைப்போம். புரோன்ஸைவிட இன்னும் 4 வாட்தான் குறையும், மாதம் ஒரு யூனிட், 10 ரூபாய். அதற்காகக் கூடுதலாக 3,300 ரூபாய் போட்டால், போட்டதை எடுக்க 27 வருடம் ஆகும். அந்த முத்திரைக்கான சோதனையே 20, 50, 100 சதவீதப் பளுவில்தான் நடக்கிறது. 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்ஸில் உங்கள் 60 வாட் 13 சதவீதம்தான், 750 வாட் வாங்கினால் 8 சதவீதம். அவ்வளவு குறைந்த பளுவில் எந்த முத்திரைக்கும் திறன் இறங்கிவிடும். ஆகவே பெரியது வாங்கினால் நல்லது என்று யார் சொன்னாலும் சரி சரி என்று கேட்டுக்கொண்டு 450-ஐயே எடுங்கள்.

மாதம் 40 ரூபாய்க்காக புரோன்ஸ் வாங்கச் சொல்லவில்லை. மூன்று மலிவு எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு நீங்கள் கொடுத்தது 2,850 ரூபாய். புரோன்ஸின் விலையே 2,700! செத்துப்போனதை மேசையில் வைத்து லேபிளைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். கீழே 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12 பெருக்கல் 16, அதாவது 192 வாட். பிராசசருக்குப் போவது இந்த 12 வோல்ட்தான். புதிதை வாங்கும்போதும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள், 450-க்குக் கிட்டத்தில் வர வேண்டும். கையில் தூக்கினாலே நல்லது கனக்கும். பழையதைக் கழற்றி ஆராயாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். என் ஆபீஸிலும் ஒரு காலத்தில் இப்படி ஒரு மலிவுச் சரக்கு 'பட்' என்று வெடித்து, போகும்போது ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. ஒரு வருடக் கணக்கை மறுபடி தட்டினோம்.

ஒரே நிபந்தனை: வாங்கும் முன் மெக்கானிக்கிடம் ஓடுகிற வேறு எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் போட்டு, மதர்போர்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விலை குறைவு என்று, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு பஸ் ஏற வேண்டாம். மிச்சமாகும் 300 ரூபாய் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும், வாரண்டிக்கு இன்னொரு முறை அலைய வேண்டும்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். எது பழுதானாலும் கார்டை நீட்டுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. போன், பிரிண்டர், இப்போது 2,700 ரூபாய்ப் பழுதுக்கு 42,000 கடன். மாதம் 6,350-ஓடு 3,500 சேர்ந்தால் 9,850. வருகிற 19,000-ல் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். புதுக் கம்ப்யூட்டரில் கரண்ட் குறையும் என்பது உண்மைதான், 45 வாட் குறைந்தால் மாதம் 12 யூனிட், 120 ரூபாய். 120 மிச்சம் பிடிக்க 3,500 கட்டச் சொல்கிறார் கடைக்காரர். வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதே கம்ப்யூட்டருக்கு ரொக்கம் தருவதாகக் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு இறங்குகிறாரோ அதுதான் வட்டி.

டிவி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டிவி மச்சான் வீட்டில் இருக்கலாம், கடன் உங்கள் பெயரில் இருக்கிறது. தவணை தவறினால் சிபில் (கடன் மதிப்பெண்) கெடுவதும் உங்களுக்குத்தான். நாளைக்குக் கடையைப் பெரிதாக்க வங்கிக்குப் போகும்போது மச்சானா கூட வரப்போகிறான்? நிற்கும் 4,800-ஐ மாதம் 1,200 வீதம் நான்கு மாதத்தில் தரட்டும், வரும் மாதத் தவணையை 1-ஆம் தேதியே உங்கள் கணக்கில் போடட்டும். இதை வீட்டுக்காரம்மாவை வைத்துக்கொண்டே பேசுங்கள். தம்பி என்பதால் அவருக்குச் சங்கடமாக இருக்கும், ஆனால் தெரியாமல் இருப்பதைவிட அது தேவலை. முடியாது என்றால் டிவி உங்கள் வீட்டுக்கு வரட்டும். கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு கார்டை முடக்கி வையுங்கள். அப்புறம் அடுத்த சித்தப்பா மகன் ஃபிரிட்ஜ் கேட்க மாட்டான்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவை, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. உங்கள் ஐ3-ல் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஊர்ப் பேர்பாதி ஆதாரும் சான்றிதழும் உங்கள் மெஷின் வழியாகப் போகின்றன, ரொம்ப காலம் தள்ளிப்போட முடியாது. ஆகவே போன் தவணை முடிந்த அடுத்த மாதமே அதே 2,100-ஐ வங்கியில் 12 மாத ஆர்.டி.யில் போடுங்கள். 25,200-ம் கொஞ்சம் வட்டியும் கையில் இருக்கும். விண்டோஸ் 11 ஏறக்கூடிய, இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் உள்ள பழைய ஆபீஸ் மெஷினை அந்தப் பணத்துக்குள் தேடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கப் போகும்போது கடையில் இருக்கும் யு.பி.எஸ்ஸையும் தூக்கிக்கொண்டு போங்கள். ஆக்டிவ் பி.எஃப்.சி. (கரண்டைச் சீராக இழுக்கவைக்கும் சுற்று) உள்ள எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கும் சில மலிவு யு.பி.எஸ்ஸுக்கும் ஒத்துவராது, கரண்ட் போனதும் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். ஓடும்போதே யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் வேறு மாடல் கேளுங்கள், பணத்தை அதற்கப்புறம் கொடுங்கள்.