மலைப் பிரதேசத்துல மான் வேட்டைக்கு காத்தையும் நிலத்தையும் எப்படிப் பயன்படுத்துறது?

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இது நம்ம ஊர்ல நடக்கிற காரியம் இல்ல. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கப்புறம் மான் மேல கை வச்சா ஜெயில்தான், அதனால இதைப் படிச்சுட்டு யாரும் மேகமலைப் பக்கம் கிளம்பிடாதீங்க. நான் சொல்றது நியூசிலாந்து கதை.

நான் இருக்கிறது அங்க பாமர்ஸ்டன் நார்த்ங்கிற ஊர்ல. கடல் பிராணிகளை விட்டுட்டா இந்த நாட்டுக்குன்னு சொந்தமான பாலூட்டின்னா வௌவால் மட்டும்தான். மான் எல்லாம் 1850கள்ல இருந்து வெள்ளைக்காரங்க வேட்டைக்குன்னு கப்பல்ல ஏத்திட்டு வந்து விட்டது. அதைத் தின்ன இங்க புலி சிறுத்தை எதுவும் இல்லாததால கண்டபடி பெருகி காட்டுல முளைக்கிற கன்னையெல்லாம் மேஞ்சு தீர்த்து, 1930கள்ல அரசாங்கமே சம்பளத்துக்கு ஆள் போட்டு சுடுற நிலைமைக்கு வந்துடுச்சு. இன்னைக்கும் துப்பாக்கி லைசென்ஸும், ஆன்லைன்ல காசில்லாம குடுக்கிற பெர்மிட்டும் இருந்தா பெரும்பாலான அரசாங்கக் காட்டுக்குள்ள போகலாம். ஒரு வேடிக்கை என்னன்னா எங்க ஊர்ப் பக்கம் கடற்கரையை ஒட்டின காட்டுல மிளா மான் இருக்கு, நம்ம மிளாவேதான், 1870கள்ல இலங்கையில இருந்து வந்ததோட வம்சம். ஆனா நான் போறது அதுக்கு இல்ல, ருவாஹினே மலையில இருக்கிற ரெட் டீர்ங்கிற மான் வகைக்கு.

சரி, கேள்விக்கு வருவோம். மானுக்குக் கண்ணு சுமார்தான். அசையாம நின்னா பல தடவை நம்மளை மரக்கட்டைன்னு விட்டுரும். காது கூர்மை, ஆனா ஒரு குச்சி ஒடிஞ்ச சத்தம் கேட்டா தலையைத் தூக்கிப் பாத்துட்டு திரும்ப மேய ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும். மூக்குல மட்டும் ரெண்டாவது சான்ஸே கிடையாது. வாசம் பட்டுச்சுன்னா யோசிக்கவே யோசிக்காது, ஓட்டம்தான். அதனால மலையில மான் எங்க இருக்குன்னு தேடுறதுக்கு முன்னாடி நம்ம வாசம் எங்க போகுதுன்னு தெரியணும், இது எனக்குப் புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு.

புரிய வச்சது பக்கத்து வீட்டுப் பெரியவர், வயசு எழுபதை நெருங்குது, இன்னும் மலையில என்னை முந்திக்கிட்டுப் போவார். நான் போன்ல வானிலை ஆப்பைக் காட்டி வடமேற்குக் காத்துன்னு போட்டிருக்கு, அதனால தென்கிழக்குல இருந்து ஏறுவோம்னு சொன்னா சிரிப்பார். "மேட், அது மலைக்கு மேல அடிக்கிற காத்து, மான் அங்கயா இருக்கு?"னு கேட்பார். அவர் சொல்ற விஷயம் ஒண்ணுதான், காத்தைத் தண்ணியா நினைச்சுக்கோ. எனக்கு அது டக்குன்னு பிடிபட்டதுக்குக் காரணம் நான் தேனிப் பக்கத்து ஆளு, சின்ன வயசுல அப்பா கூட வயலுக்கு மடை திறந்து விட்டிருக்கேன். தண்ணி பள்ளம் பாத்துப் போகும், வாய்க்கால்ல கல்லு கிடந்தா ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போயி கல்லுக்குப் பின்னாடி சுழிச்சு, தூசி துரும்பெல்லாம் எதிர்த் திசையில திரும்பி வரும். மலையில காத்தும் அச்சு அசலா அதேதான் பண்ணுது.

காத்து அமைதியா இருக்கிற நாள்ல விடியக்காலையில குளிர்ந்த காத்து கனமா இருக்கிறதால சரிவுல இருந்து வழிஞ்சு ஓடைக்குள்ள இறங்கும், அப்படியே ஓடையோட கீழ போகும். வெயில் ஏற ஏற சரிவு சூடாகி காத்து மேல ஏற ஆரம்பிக்கும். சாயங்காலம் நிழல் விழுந்ததும் திரும்ப இறங்கும். பாடப்புத்தகத்துல மலைக்காத்து பள்ளத்தாக்குக் காத்துன்னு படிச்சோமே அதேதான். இதுல நான் ஒரு கூத்து பண்ணேன். அமெரிக்காக்காரங்க எழுதுனதைப் படிச்சு தெக்குப் பாத்த சரிவுதான் முதல்ல சூடாகும், மான் அங்க வெயில் காயும்னு நம்பி ரெண்டு ட்ரிப் வீணாக்கினேன். இங்க பூமியோட கீழ்ப் பாதியில சூரியன் வடக்கால போகுது, வெயில் அடிக்கிறது வடக்குப் பாத்த சரிவுல! தெக்குப் பக்கம் பாசி பிடிச்சு ஈரமாதான் கிடக்கும்.

அதைத் திருத்திக்கிட்டு ஒரு அக்டோபர்ல போனேன். மண் சரிஞ்ச இடத்துல புதுப்புல் முளைச்சிருந்துச்சு, ஒரு பெண் மானும் போன வருஷத்துக் குட்டியும் மேஞ்சுட்டு இருந்துச்சு, நான் ஓடையில இருந்து மேல பாத்து ஏறிட்டு இருக்கேன். காலை ஏழு மணி, காத்து மேல இருந்து என் முகத்துல இறங்குது, எல்லாம் சரி. ஆனா நான் மெதுவா ஏறுறேன்னு மணிக்கணக்கா இழுத்துட்டேன். எட்டரை வாக்குல வெயில் அந்தச் சரிவுல பட்டுச்சு, கொஞ்ச நேரம் காத்தே இல்ல, அப்புறம் என் பின்கழுத்து வேர்வையில ஜில்லுன்னு ஒரு தொடுகை. அவ்வளவுதான். பத்து எண்ணியிருக்க மாட்டேன், அந்தப் பெண் மான் தலையைத் தூக்கி நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் குடுத்துச்சு, ரெண்டும் காட்டுக்குள்ள போயிடுச்சு. நான் ஒரு தப்பும் பண்ணலையேன்னு அங்கயே உக்காந்து புலம்பினேன். தப்பு என்னன்னா அந்த நேரத்துல நான் அதுக்குக் கீழ இருந்ததுதான்.

இப்ப எப்படிப் பண்றோம்னா, இருட்டு இருக்கும்போதே மான் மேயுற சரிவை விட்டுட்டு அடுத்த கிளைமேடு (முகட்டுல இருந்து கிளை மாதிரி பிரிஞ்சு கீழ இறங்குற மேடு) வழியா ஏறிடுறோம், அப்ப நம்ம வாசம் அந்தப் பக்கத்து ஓடைக்குள்ள இறங்கிப் போயிடும். மேல போய் உக்காந்துட்டு பைனாகுலர்ல எதிர்ச் சரிவையெல்லாம் அலசுறது. வெயில் பட்டு காத்து ஏற ஆரம்பிச்சு அது நிலையா ஏறுதுன்னு தெரிஞ்ச பிறகுதான் மேல இருந்து கீழ நகருவோம். திசை மாறுற அந்த இடைப்பட்ட நேரம் இருக்கே, அரை மணியோ என்னவோ, அப்ப காத்து எந்தப் பக்கம் போகும்னு அதுக்கே தெரியாது, அப்ப ஒரு அடி கூட எடுத்து வைக்காம டீ குடிக்கிறதுதான் உத்தமம். சாயங்காலம் இதுக்கு நேர் எதிர், மேல இருக்கிறவன் வாசம் கீழ வழியும்.

இது காத்து அமைதியா இருக்கிற நாளுக்கு. பலமா அடிச்சா கணக்கு வேற. எங்க ஊர் மலையில காத்துக்குப் பஞ்சமே இல்ல, மனவாட்டு கணவாய் மேல வரிசையா காத்தாலை நிக்குது, ஆண்டிபட்டிப் பக்கம் ஆடிக்காத்துல நின்ன மாதிரியே இருக்கும். அந்த மாதிரி நாள்ல மான் முகட்டுக்கு மறுபக்கம் காத்து மறைவுலதான் படுக்கும், அதுவும் அடிவாரத்துல இல்ல, உச்சியில இருந்து கொஞ்சம் கீழ, பெரும்பாலும் கிளைமேட்டோட மூக்குல. முகட்டைத் தாண்டி வர்ற காத்து முதுகுப் பக்கத்து வாசத்தைக் கொண்டு வந்து குடுக்கும், கீழ என்ன நடக்குதுன்னு கண்ணாலயே பாத்துக்கும். கில்லாடி!

அப்ப மேல இருந்தும் போகக்கூடாது, கீழ இருந்தும் போகக்கூடாதா? இதைத்தான் நானும் கேட்டேன். பெரியவர் பாக்கெட்ல இருந்து ஒரு பழைய பிலிம் ரோல் டப்பாவை எடுத்தார். உள்ள பஞ்சு. ஸ்வான் பிளான்ட்னு ஒரு செடி, மொனார்க் பட்டாம்பூச்சிக்காக இங்க நிறைய வீட்டுத் தோட்டத்துல வளப்பாங்க, நம்ம எருக்கோட சொந்தக்காரச் செடிதான், காய் வெடிச்சா உள்ள எருக்கம்பஞ்சு மாதிரியே வெள்ளையா பட்டுப் போல இருக்கும். ஒரு இழையை எடுத்து முகட்டுல நின்னு விட்டார். அது நேரா வெளிய போச்சு, ஒரு முப்பது மீட்டர் போயிருக்கும், அப்படியே தயங்கி கீழ இறங்குச்சு, இறங்கின இடத்துல இருந்து சரிவை ஒட்டி மெதுவா எங்களைப் பாத்து மேல ஏறி வந்துச்சு. வாய்க்கால் கல்லுக்குப் பின்னாடி துரும்பு திரும்பி வர்ற அதே கதை. நான் முகட்டுல நின்னா என் வாசம் மானுக்கு மேல தாண்டிப் போயிடும்னு நினைச்சுட்டு இருப்பேன், ஆனா வாசம் கீழ போய்ச் சுத்தி மானோட மூக்குக்கே வந்து சேரும்.

அதனால பக்கவாட்டுல போகணும். படுத்திருக்கும்னு நினைக்கிற இடத்தோட உயரத்துலயே சரிவைக் குறுக்கா பிடிச்சு, காத்து கன்னத்துல படுற மாதிரி. அப்படிப் போய்தான் என்னோட முதல் மான் கிடைச்சுது, கிளை விடாத கொம்பு முளைச்ச இளம் ஆண் மான், நூத்தி முப்பது மீட்டர் தூரம் இருக்கும்.

காத்து பாக்க சில பேர் மாவுப் பொடியை பாட்டில்ல போட்டு பீய்ச்சுவாங்க, நானும் வச்சிருக்கேன், ஆனா பொடி ரெண்டு மூணு மீட்டர்ல மறைஞ்சு போயிடும், உங்க கிட்ட காத்து எப்படின்னு மட்டும்தான் சொல்லும். பஞ்சை பைனாகுலர்ல தொடர்ந்து ரொம்ப தூரம் பாக்கலாம். என் வீட்டம்மாவுக்குதான் கோபம், பட்டாம்பூச்சிக்கு வச்ச செடியில காயெல்லாம் காணோம்னு.

நிலத்தைப் பத்தி வேற ரெண்டு விஷயம் மட்டும். முகட்டைக் கடக்கும்போது நிமிர்ந்து நடக்காதீங்க, வானத்துக்கு எதிரா நிழலுருவம் எத்தனையோ தூரத்துக்குத் தெரியும், தவழ்ந்தாவது தாண்டுங்க. அதே மாதிரி முகட்டு மேல நிக்கிற மானைச் சுடவே கூடாது, பின்னாடி மண் இல்லன்னா குண்டு எங்க போய் விழும்னு யாருக்குத் தெரியும், அந்தப் பக்கம் ஆள் இருக்கலாம். சுடுறதுக்கு முன்னாடி எப்படித் தூக்கிட்டு வரப் போறோம்னும் பாருங்க. நான் ஒரு தடவை செங்குத்தான ஓடைக்குள்ள விழ விட்டுட்டு கறியை ரெண்டு நடையா மேல ஏத்தினேன், அடுத்த நாள் மாடிப்படி இறங்க முடியல.

வாசத்தை மறைக்கிற ஸ்ப்ரே விக்கிறானே அது வேலை செய்யுமான்னு நீங்க கேட்பீங்க, ஒரு பாட்டில் வாங்கி அடிச்சேன், அடுத்த ரெண்டு ட்ரிப்லயும் மான் என்னை மோந்துட்டு ஓடினதுதான் மிச்சம். மணிக்கணக்கா மலை ஏறி வேர்க்கிறவன் எதை மறைக்க முடியும்.

போன மாசம் கூட நல்ல கொம்போட ஆண் மான் ஒண்ணு எதிர்ச் சரிவுல படுத்திருந்துச்சு, நாங்க போக முடிஞ்ச பக்கம் ஒண்ணே ஒண்ணுதான், பஞ்சை விட்டுப் பாத்தோம், நேரா அது படுத்திருந்த இடத்துக்கே மிதந்து போச்சு. பெரியவர் டப்பாவை மூடி பாக்கெட்ல போட்டுக்கிட்டார், வந்த வழியே இறங்கிட்டோம்.