வீட்டுப்பள்ளியில் வரலாறு: கிரெடிட் கேள்விகள்

அமெரிக்காவில் என் இரண்டு பிள்ளைகளையும் பன்னிரண்டாம் வகுப்பு வரை வீட்டிலேயே படிக்க வைத்தேன். வரலாற்று கிரெடிட் (உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தைப் படித்து முடித்ததற்கான கணக்கு) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, ஒரு கிரெடிட் என்றால் எத்தனை மணி நேரம்?

பொதுவாக 120. கார்னகி யூனிட் என்ற பழைய கணக்கு அது. நியூயார்க் விதியில் ஒரு யூனிட்டுக்கு 6,480 நிமிடம், அதாவது 108 மணி.

டெக்சாஸில் இருக்கிறோம். நான்கு வருடமும் வரலாறு கட்டாயமா?

இல்லை. அங்கே வீட்டுப்பள்ளி தனியார் பள்ளிக்குச் சமம். நல்ல குடிமைப் பண்பு கற்பிக்கச் சொல்கிறார்களே தவிர, வரலாற்றுக்கு கிரெடிட் கணக்கு இல்லை. நியூயார்க் அப்படியில்லை. சமூக அறிவியலில் 4 யூனிட் வேண்டும். அதில் அமெரிக்க வரலாறு 1, அரசாங்கம் அரை, பொருளாதாரம் அரை. டெக்சாஸிலும் அதையே பின்பற்றுங்கள் என்பேன். மாநிலம் கேட்காவிட்டாலும் கல்லூரி கேட்கும்.

மகள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கிறாள்.

உலக வரலாறு ஒரு வருடம், அமெரிக்க வரலாறு ஒரு வருடம் கேட்பார்கள். நாம் வீட்டில் போட்ட மார்க்கை மட்டும் வைத்து அதை நிரப்புவது கஷ்டம். ஏபி தேர்வில் (பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை) 3 அல்லது அதற்கு மேல் வாங்கலாம், அல்லது கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரியில் ஒரு பாடம் எடுக்கலாம். தேர்வு மே மாதம்தான், ஆனால் பதிவு நவம்பரிலேயே முடிந்துவிடும். பெரியவனுக்கு நான் மார்ச்சில் விழித்துக்கொண்டு, தேர்வு எழுத இடம் கேட்டுப் பள்ளி பள்ளியாகப் போன் போட்டேன். ஒருவரும் சேர்க்கவில்லை. ஆகஸ்ட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

பையனுக்குப் பாடப்புத்தகத்தைக் கண்டாலே தூக்கம் வருகிறது.

என் சின்னவனும் அப்படித்தான். ஒருநாள் 1776 சுதந்திரப் பிரகடனத்தைக் கொடுத்தேன். அரசன் மேல் அதில் 27 குற்றச்சாட்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினான். படை பற்றியவை ஒரு பக்கம், நீதிமன்றம் பற்றியவை ஒரு பக்கம். "வரிக்காகத்தான் சண்டை என்று படித்தேன், வரிக்கு ஒரே ஒரு சீட்டுதான் இருக்கிறதே அம்மா?" என்றான். அந்தக் கேள்வியை வைத்தே இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். சாப்பாடு அன்று தரையில்தான். ஆனால் அந்த இரண்டு பக்கமும் தேதி போட்ட நேரக் குறிப்பும்தான் பிறகு கிரெடிட்டுக்கு ஆதாரம். பாடப்புத்தகத்தை அடியோடு தள்ளவும் வேண்டாம், வருட வரிசைக்கு அது வேண்டும்.

சோழர் வரலாற்றுக்கு கிரெடிட் கொடுக்கலாமா?

தாராளமாக. ஏபி உலக வரலாறு ஏறக்குறைய 1200இல்தான் தொடங்குகிறது. ராஜராஜனும் ராஜேந்திரனும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். 60 மணி நேரத்தில் தனியாக அரை கிரெடிட் விருப்பப்பாடம் வையுங்கள். உத்திரமேரூரின் 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டை அமெரிக்க அரசியலமைப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஊர் வாரியத்துக்குக் குறைந்தது 35 வயது. அமெரிக்க அதிபருக்கும் 35தான்! முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் போட்டியிட முடியாது. இதை வைத்து வீட்டில் ஒரு வாரம் சண்டை போடலாம்.

மியூசியம் போவது கணக்கில் வருமா?

வரும், அன்றே எழுதி வைத்தால். காரில் போன நேரத்தைச் சேர்க்காதீர்கள்.