ஒரே டப்பா பெயிண்ட், ஒரு சுவர் மட்டும் ஏன் வெளுக்கிறது?

கேள்வி: காட்பாடியில் எங்கள் வீட்டு வெளிச்சுவருக்கு இரண்டு வருடம் முன்பு எமல்ஷன் அடித்தோம். மேற்குச் சுவரைத் தொட்டால் கையில் மாவு ஒட்டுகிறது, நிறமும் வெளுத்துவிட்டது. வடக்குச் சுவர் நன்றாக இருக்கிறது. மாடிப்படிச் சுவரில் அடித்த ஆயில் எனாமலோ உரிந்து வருகிறது. பெயிண்டர் மேல் தப்பா, பெயிண்ட் மேல் தப்பா? இந்தத் தடவை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: வடக்குச் சுவர் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பெயிண்டரை விட்டுவிடுங்கள். தண்ணீரைக் கூடுதலாகக் கலந்திருந்தால் இரண்டு சுவருமே கெட்டிருக்கும்.

பெயிண்டில் நிறத்தைத் தருவது பொடி. அந்தப் பொடியைச் சுவரோடு பிடித்து வைப்பது ரெசின். வெயிலின் புற ஊதாக் கதிர் ரெசினைச் சிதைத்துவிட்டால் பொடி பிடிப்பில்லாமல் உதிரும். உங்கள் கையில் ஒட்டியது அதுதான். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில், மேற்குச் சுவர் உச்சிவேளையிலிருந்து பொழுது சாயும்வரை காய்கிறது.

'எமல்ஷன்' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ரெசின் தண்ணீரில் கலந்து நிற்கிற நிலைக்குத்தான் அந்தப் பெயர். எந்த ரெசின் என்பதை அது சொல்லாது. வினைல் அசிடேட் வீட்டுக்குள் போதும், வெளியே ஈரத்துக்கும் சிமெண்டின் காரத்துக்கும் தாங்காது. ஸ்டைரீன் கலந்த அக்ரிலிக் தண்ணீரை நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதையும். தூய அக்ரிலிக் அந்தக் கதிரை அவ்வளவாக உறிஞ்சாது. மேற்குச் சுவருக்கு அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருக்காவிட்டால் தொழில்நுட்பக் குறிப்புத் தாளைக் கடையில் கேளுங்கள். மலிவு ரகத்தில் ரெசினைக் குறைத்துச் சுண்ணாம்புக்கல் மாவைக் கூட்டுவதும் உண்டு. அதுவும் சீக்கிரம் உதிரும்.

மாடிப்படி விஷயம் வேறு. ஆயில் எனாமலின் ரெசினில் தாவர எண்ணெய் இருக்கிறது. சிமெண்ட் பூச்சில் காரம் இருக்கிறது. கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் எண்ணெய் சோப்பாகிவிடும். சோப்பு காய்ச்சும்போது நடப்பதும் இதே வினைதான். அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் பிடிக்காது. சுரண்டி எடுத்துவிட்டு, காரத்தைத் தாங்கும் ப்ரைமர் வைத்து அக்ரிலிக் அடியுங்கள். எனாமல் கேட்டுக்கும் கிரில்லுக்கும் இருக்கட்டும்.

அப்புறம், மேற்குச் சுவரின் மாவை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ப்ரைமர் அடித்த பிறகே பெயிண்ட். அதையும் காலையில் அடிக்கச் சொல்லுங்கள். சுடுகிற சுவரில் தண்ணீர் சட்டென்று ஆவியாகிவிட்டால், ரெசின் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாக நேரம் கிடைக்காது.