சபை ஊழியம், ஜெபக்கூட்டம், வேலை என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன். ஆண்டவருக்குள் இளைப்பாறுவது எப்படி?

முதலில் நன்றாகத் தூங்குங்கள். வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார், எழுந்து மறுபடியும் சாப்பிட்டார். ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தத்தை அவர் கேட்டது அதற்குப் பிறகுதான்! சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷர்களை இயேசுவும் இளைப்பாறத்தான் அழைத்தார் (மாற்கு 6:31).

நான் விடியற்காலையில் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு சங்கீதத்தை வாய்விட்டு, மெதுவாக வாசிக்கிறேன். ஒரு வசனம் மனதைப் பிடித்தால் அங்கேயே நின்றுவிடுவேன். முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தையும் விட்டுவிட்டேன். முதலில் மனம் உறுத்தியது. இப்போது அந்த மாலையில் அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன்.